டச்பேட் செட்டிங்ஸ் ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி மாறுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டச்பேடில் விரல் பட்டாலே கிளிக் ஆவது பிடிக்காமல் அந்த வசதியை அணைத்து வைக்கிறீர்கள். மறுநாள் டைப் செய்யும்போது உள்ளங்கை லேசாக உரசியதும் கர்சர் தாவுகிறது, பாதி வாக்கியம் மூன்று வரிக்கு மேலே போய் விழுகிறது. திரும்பவும் செட்டிங்ஸுக்குப் போய் அணைக்கிறீர்கள். அடுத்த முறை லேப்டாப்பை ஆன் செய்தால் மறுபடியும் அதேதான்.

இதைப் பலரும் “சேவ் ஆக மாட்டேங்குது” என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் அது சேவ் ஆகித்தான் இருக்கும். லேப்டாப் ஆன் ஆகும்போது அதைப் படித்து டச்பேடுக்குச் சொல்ல வேண்டிய புரோகிராம் ஓடியிருக்காது, அல்லது வேறொரு புரோகிராம் வந்து அதை மாற்றியிருக்கும். இது புரியாதவரை ஒரே பட்டனைத் தினமும் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எப்போது மாறுகிறது என்று பார்க்காமலே சரிசெய்யக் கிளம்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. விண்டோஸில் ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் கணக்கு மட்டும்தான் முழுதாக மூடப்படும். டிரைவர்கள் (டச்பேட் போன்ற பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்கள்) இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே திரும்ப எடுக்கப்படும். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் மட்டுமே. எனவே ரீஸ்டார்ட்டில் செட்டிங் நிற்கிறது, ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் மட்டும் போய்விடுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகிக்கலாம். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்தால் அந்த ஒரு முறை மட்டும் முழு ஷட் டவுன் நடக்கும். அப்படிச் செய்து பார்த்துச் செட்டிங் நின்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இதனால் ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் கூடிவிடாது.

ரீஸ்டார்ட்டிலும் மாறுகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விட்டுவிடலாம், காரணம் வேறு.

ஸ்டார்ட்அப்பில் கை வைத்தது

என் கணிப்பில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய், பெயர் தெரியாததையெல்லாம் ‘டிசேபிள்’ செய்துவிடுகிறோம். அந்தக் கூட்டத்தில் டச்பேடின் துணைப் புரோகிராமும் போய்விடுகிறது. டச்பேடைத் தயாரிக்கும் கம்பெனியைப் பொறுத்து அதன் பெயர் மாறும். சினாப்டிக்ஸ் டச்பேட் என்றால் பெயரிலேயே ‘சினாப்டிக்ஸ்’ இருக்கும். ஈலான் டச்பேடில் ‘இடிடி கன்ட்ரோல் சென்டர்’ என்று இருக்கும். ஆல்ப்ஸ் என்றால் ‘ஆல்ப்ஸ் பாயின்டிங் டிவைஸ்’ என்று வரும். பழைய வகை டச்பேடுகளில் நீங்கள் செய்த மாற்றம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) உங்கள் கணக்குக்குக் கீழே பத்திரமாக இருக்கும். லாகின் ஆனதும் அதைப் படித்து டச்பேடுக்குச் சொல்வது இந்தப் புரோகிராம்தான். அதை நிறுத்திவிட்டால் டச்பேட் கம்பெனி கொடுத்த நிலையிலேயே இயங்கும். டாஸ்க் மேனேஜரில் அதை மறுபடி ‘எனேபிள்’ செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பல லேப்டாப்களில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் கிளீனர் சாஃப்ட்வேர்களும் இதே வேலையை நமக்குத் தெரியாமலே செய்துவிடும். அவற்றை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

சினாப்டிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்து போன பிறகு, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் செட்டிங் அழிந்துபோகத் தொடங்கினால் ரெஜிஸ்ட்ரியைப் பாருங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், சினாப்டிக்ஸ், சின்-டிபி, இன்ஸ்டால் என்ற வரிசையில் உள்ளே போனால் ‘டிலீட் யூசர் செட்டிங்ஸ் ஆன் அப்கிரேட்’ என்று ஒரு மதிப்பு இருக்கலாம். அப்கிரேட் ஆனால் பயனரின் செட்டிங்கை அழித்துவிடு என்பதற்கான குறிப்பு அது. 1 என்று இருந்தால் 0 ஆக்க வேண்டும். கை வைப்பதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரியில் செய்யும் மாற்றத்துக்கு ‘அன்டூ’ கிடையாது.

ஒரே செட்டிங்கை இரண்டு இடத்தில் மாற்றுவதும் வழக்கமான தவறு. விண்டோஸ் 8.1 காலத்தில் ‘பிரிசிஷன் டச்பேட்’ என்ற முறை வந்தது. அதில் எல்லாச் செட்டிங்கும் விண்டோஸின் கையில்தான். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போனால் மூன்று விரல், நான்கு விரல் ஜெஸ்சர் வரை அங்கேயே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் இரண்டொரு விஷயம் மட்டும் தெரிந்தால் உங்களுடையது பெரும்பாலும் பழைய முறை. அப்போது மவுஸ் பிராப்பர்டீஸில் டச்பேட் கம்பெனிக்கென்று இருக்கும் டேபுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப்பும் இருந்து, அதிலும் டச்பேடுக்கு ஒரு பக்கம் இருந்தால், லாகின் ஆகும்போது அது தன்னிடம் உள்ள செட்டிங்கைத்தான் அமல்படுத்தப் பார்க்கும். விண்டோஸில் என்ன மாற்றினீர்களோ அதையே அந்த ஆப்பிலும் மாற்றிவிடுங்கள்.

டிரைவர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அப்டேட் வந்த நாளிலிருந்துதான் தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டச்பேடைத் தேடி, பிராப்பர்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று சொல்லும் சாஃப்ட்வேர்கள் பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டுவிட்டால், இருந்த டேபும் காணாமல் போகலாம். அன்இன்ஸ்டால் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு யூஎஸ்பி மவுஸைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். டச்பேட் செத்துவிட்டால் அடுத்த பட்டனை அழுத்தவே வழி இருக்காது.

டச்பேடை விடப் பெரிய ஆபத்து

வால்பேப்பர் மாறிவிட்டது, டெஸ்க்டாப் ஃபைல்களைக் காணோம், பிரவுசரில் லாகின் எல்லாம் போய்விட்டது, கூடவே டச்பேடும் பழையபடி என்றால் டச்பேடை விட்டுவிடுங்கள். விண்டோஸ் உங்கள் புரொஃபைலை (உங்கள் ஃபைல்களும் செட்டிங்குகளும் இருக்கும் இடம்) திறக்க முடியாமல் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றில் உங்களை உள்ளே விட்டிருக்கலாம். லாகின் ஆனதும் அதற்கு ஓர் எச்சரிக்கையும் வரும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அந்தப் புரொஃபைலில் நீங்கள் சேமிப்பது எதுவும் சைன் அவுட் ஆனதும் நிற்காது, எழுதிய ரிப்போர்ட் உட்பட. எனவே அதில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். சேமித்திருந்தால் முதலில் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். பிறகு ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பதறிப்போய் ஃபார்மேட் செய்வதுதான் இங்கே செய்யக் கூடாத தவறு.

செட்டிங் மாறியதுபோலத் தோன்றி, மாறாமலே இருப்பதும் உண்டு. ‘மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும்’ என்ற டிக்கை எடுத்திருந்தால், பைக்குள் ஆனில் கிடக்கும் புளூடூத் மவுஸ் இணைந்ததும் டச்பேட் அணைந்துவிடும். கீபோர்டின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட கீயையும் கை தெரியாமல் அழுத்தியிருக்கலாம். கல்லூரி லேப் கம்ப்யூட்டர் என்றால் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழைய நிலைக்கு வரும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதை லேப் பொறுப்பாளர்தான் மாற்ற முடியும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே கதை வேறு. டெர்மினலில் ‘எக்ஸ்இன்புட்’ கமாண்டால் செய்யும் மாற்றம் அந்த செஷன், அதாவது லாகினிலிருந்து லாக் அவுட் வரையிலான நேரம், முடியும்வரைதான் நிற்கும். அது பிழை அல்ல, அதன் இயல்பே அப்படி. நிலையாக வேண்டும் என்றால் முதலில் டெஸ்க்டாப்பின் (க்னோம், கேடிஇ போன்றவை) சொந்த செட்டிங்ஸ் பக்கத்தில் தேடுங்கள். அங்கே இல்லாததற்கு மட்டும் ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் எக்ஸ்11 (திரையையும் மவுஸ், டச்பேடையும் கவனிக்கும் பழைய அமைப்பு) பகுதியில் ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதலாம். ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் திருத்தாதீர்கள். பேக்கேஜ் அப்டேட் வந்ததும் உங்கள் திருத்தம் அழிந்துபோகும்.

லாகின் ஆனதும் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் டச்பேடின் ஐடி எண்ணைப் போடுகிறார்கள். இன்று 12 ஆக இருப்பது நாளை ஒரு யூஎஸ்பி மவுஸ் செருகியிருந்தால் 13 ஆகலாம். கமாண்ட் வேறு கருவிக்குப் போய்விடும். எண்ணுக்குப் பதில் டச்பேடின் முழுப் பெயரைப் போடுங்கள். ஸ்கிரிப்ட் சீக்கிரமே ஓடிவிட்டால், பின்னால் வரும் டெஸ்க்டாப் அதன்மேல் தன் செட்டிங்கைப் போட்டுவிடும். சில விநாடிகள் தாமதித்து ஓடும்படி வையுங்கள். எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய அமைப்பான வேலாண்ட் செஷனில் இருந்தால் எக்ஸ்இன்புட்டும் எக்ஸ்11 கான்ஃபிக் ஃபைலும் எடுபடாது. அங்கே டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் பக்கம்தான் வழி.