தெலுங்கில் ‘மனம்’ என்றால் நாம்

தெலுங்கு கற்கும் தமிழருக்கு ஒரு வசதி: நாம், நாங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் ‘மனம்’, சேர்க்காவிட்டால் ‘மேமு’. ‘மனம் வெள்தாம்’ என்றால் நாம் போகலாம். மனசு எங்கும் போகவில்லை! நேனு நான், நுவ்வு நீ, மீரு நீங்கள். சரி, இதுவரை சுலபம்.

சறுக்குவது ‘அவள்’ வரும் இடத்தில்தான். ‘ஆமெ’ என்று சொல்லிவிட்டு வினைக்கு அஃறிணை விகுதி போட வேண்டும்: ‘ஆமெ வச்சிந்தி’, அவள் வந்தாள். பூனை வந்தாலும் அதே வச்சிந்திதான். அதற்காகப் பெண்ணை ‘அதி’ (அது) என்று சுட்டிவிடாதீர்கள், மரியாதைக் குறைவு. மூத்த பெண்மணி என்றால் ‘ஆவிட’. ஆண்களில் பெரியவருக்கு ‘ஆயன’, வினை ‘வச்சாரு’. ‘வாடு’ நம் ‘அவன்’ மாதிரி. சின்னப் பையன், நெருங்கிய நண்பன், இவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.