கருப்பைவாய்ப் புற்றுநோய்: தடுப்பதற்குக் கிடைக்கும் நீண்ட அவகாசம்

ஒரு வீட்டில் தாய்க்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால் பாதிப்பு மருத்துவச் செலவோடு நிற்பதில்லை. துணைக்குப் போகிறவரின் வேலையும், சில வீடுகளில் மூத்த பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே தடைபடுகின்றன. இத்தகைய சுமையைத் தரும் நோய்களுள் பெரும்பாலும் தடுத்துவிடக்கூடியது கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பதால், அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இதற்குக் காரணமாக இருப்பது எச்.பி.வி. என்னும் வைரஸ். தொற்று நீடித்தாலும், இயல்பான நோய் எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணின் உடலில் அது புற்றாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது. சிறுமிகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுவிடுங்கள். 30 வயதைக் கடந்த பெண்கள், ஊசி போட்டிருந்தாலும், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். மெல்லிய குச்சியால் மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு; மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகோ, உடலுறவுக்குப் பிறகோ இரத்தக்கசிவு இருந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.