கார்மென்ட்ஸில் சேரப் போகிறவர்கள் விடுகிற பிழைகள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பெரிய கார்மென்ட்ஸ் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் பயப்படுவது மெஷினுக்குத்தான். மெஷின் சில கிழமையில் கைக்கு வந்துவிடும். நட்டப்படுவது பெரும்பாலும் முதல் கிழமை கையெழுத்து வைக்கும் தாள்களில்.

முதலில் பெயர். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டுப் புதிதாக எடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. "பிறகு பார்ப்பம்" என்று, ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிக்காக நிரப்பும் பி கார்ட்டில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டால், காசு எடுக்கப் போகிற நாளில் 'இது நான்தான்' என்று நிரூபிக்க அலைய வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். அட்டையே பிழை என்றால் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போய், சேர முன்பே திருத்தத் தொடங்குங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தாள் நீட்டினால், தமிழில் விளக்கம் கேட்ட பிறகே கையெழுத்து. கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

"பயிற்சிக் காலம்தானே, ஈ.பி.எஃப். இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் வெட்டக் கூடாது. மாதாமாதம் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

சம்பளத்தைக் கேட்கும்போது "கைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்பது அடுத்த பிழை. அந்தத் தொகைக்குள் ஓ.டி.யும் (மேலதிக நேரச் சம்பளம்) வரவுக் கொடுப்பனவும் கலந்திருக்கும். ஓ.டி.க்கு ஈ.பி.எஃப். சேராது. வரவுக் கொடுப்பனவு ஒரு நாள் லீவிலேயே போய்விடக்கூடும். அதனால் அடிப்படைச் சம்பளத்தைக் கேளுங்கள். 2026 ஜனவரி முதல் சட்டப்படி அது மாதம் 30,000 ரூபாவுக்குக் குறையக் கூடாது. ஓ.டி.யை நம்பிக் கிழமைக் கடன் எடுப்பது, ஓடர் குறைகிற மாதத்தில் கழுத்தை நெரிக்கும். வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரைப் பற்றிப் பேசவே தேவையில்லை, வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

லைனில் புதியவர்கள் விடுகிற பெரிய பிழை, உடைந்த ஊசியை ஒளிப்பது. சூப்பர்வைசர் ஏசுவார் என்ற பயம்தான். ஆனால் ஊசி உடைவது சாதாரண விஷயம். உடனே மெஷினை நிறுத்தி, துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். நுனி ஒன்று குறைந்தாலும் அந்த இடத்துத் துணி முழுவதையும் தேடுவார்கள். பிள்ளைகளின் உடுப்பில் அந்த நுனி போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டார்கெட்டுக்காக ஊசிக் காப்பைக் கழற்றி வைத்துத் தைப்பதும் கூடாது. தைபடுவது உங்கள் விரல்.

டார்கெட் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல், பாத்ரூமுக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. சிறுநீர்த் தொற்று வந்து லீவு போட்டால் மிச்சம் பிடித்த நிமிடமெல்லாம் போச்சு. விடியப் பஸ் பிடிக்க ஓடும்போது காலைச் சாப்பாட்டை விடுவதும் அப்படித்தான். ஒரு பாணாவது கட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், விலகுவது. கலியாணம், சண்டை, அலுப்பு, எதுவென்றாலும் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். நியமனக் கடிதத்தில் உள்ள அறிவித்தல் காலத்தோடு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு போனால் அது இல்லை. காசு தராமல் இழுத்தடித்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். போகும்போது சம்பளச் சீட்டுகளும் ஈ.பி.எஃப். இலக்கமும் கையில் இருக்கட்டும்.