ஃபர்லர் இறுகிவிட்டால் முதலில் வின்ச்சிலிருந்து கையை எடுங்கள்

பினாங்கில் பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்குச் சுமத்ரா காற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கே கன்னங்கரேலென்று ஒரு மேகச்சுவர் எழும். கொஞ்ச நேரத்தில் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று 35, 40 ஆகிவிடும். அதற்குள் முன்பாயைச் சுருட்டியிருக்க வேண்டும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுக்குச் சரி, கடலுக்கு ஆகாது. வேகம் கிடைக்கிறதே என்று ஜெனோவா என்ற பெரிய முன்பாயை முழுக்க விரித்து வைத்திருப்போம். கடைசி நிமிடத்தில் கயிற்றை இழுத்தால், முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் அசையாது.

அப்போது கை தானாக, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்குப் போகும். பெரிய தவறு அதுதான். 40ஆம் எண் வின்ச் உங்கள் பலத்தை ஏறக்குறைய 40 மடங்காக்கும். கையால் இழுக்கும்போது 'எங்கேயோ சிக்கியிருக்கிறது' என்று கயிறு சொல்லும். வின்ச்சில் போட்டால் அந்தப் பேச்சே கேட்காது. முகா ஹெட் முனைக்கு வெளியே ஒரு நண்பரின் படகில் நான் இப்படித்தான் வின்ச்சைச் சுற்றினேன். வெயிலில் நைந்திருந்த ஃபர்லர் கயிறு பட்டென்று அறுந்தது. பாதி சுருண்டிருந்த பாய் முழுவதும் விரிந்துகொண்டது. அறுந்தது கயிறு என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ஏனென்றால் கோளாறு உச்சியில் இருந்திருந்தால் கதை வேறு. பாயை ஏற்றும் கயிறான ஹாலியார்டு, பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பிக்கு மிக அருகில் இணையாக ஓடினால், மேலே உள்ள ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு சுழலும்போது அதுவும் முன்கம்பியைச் சுற்றிக்கொள்ளும். கீழே ஃபர்லர் கயிறு சுற்றியிருக்கும் டிரம் ஒன்றிரண்டு சுற்று வந்துவிட்டு ரப்பர்போலப் பின்னுக்கு இழுத்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்த நிலையில் வின்ச்சால் முறுக்கினால் முன்கம்பியை மூடியிருக்கும் அலுமினியக் குழல் நெளியும், முன்கம்பியின் இழைகள் அறும். கம்பி போனால் பாய்மரமே சாயலாம். பைனாகுலரை எடுத்து உச்சியைப் பாருங்கள். சுற்றியிருந்தால் பாயை மறுபடி விரித்து, சுற்றைப் பிரித்து, ஹாலியார்டின் இறுக்கத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது தவறு, படகைக் காற்றுக்கு எதிரே திருப்புவது. பாய் படபடவென்று அடித்துக் கிழியும், முன்தளத்தில் ஆள் நிற்க முடியாது. கணக்கைப் பாருங்கள்: 25 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் காற்றை நோக்கி ஏறினால் பாய் உணர்வது 30க்கு அருகில், காற்றோடு ஓடினால் 19. விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் வித்தியாசம் இரண்டரை மடங்கு. அதோடு, காற்றோடு ஓடும்போது பெரிய பாயின் மறைவில் முன்பாய் துவண்டு அடங்கும். ஆனால் ஓட இடம் வேண்டும். முகா ஹெட்டிலிருந்து மேற்குக் காற்றோடு ஓடினால் பத்து ஃபெரிங்கி கடந்ததும் திக்குஸ் தீவு வரும், அப்புறம் கப்பல்கள் போகும் வடக்கு வாய்க்கால், அதையும் தாண்டினால் செபராங் பிறையின் சேற்றுக்கரை. முன்தளத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

முன்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளான ஷீட்டுகளை முழுக்க விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக் கட்டையாகி, சாட்டைபோல மண்டையில் இறங்கும். தண்ணீரில் தொங்கும் ஷீட்டைக் கவனிக்காமல் இஞ்சினைப் போட்டால் அது புரொப்பெல்லரில் சுற்றும். அப்போது பாயும் இல்லை, இஞ்சினும் இல்லை.

டிரம்மில் கயிறு கயிற்றுக்கடியில் புதைந்திருந்தால் சரிசெய்வது எளிது. ஷீட்டை இழுத்துப் பாயைக் கொஞ்சம் விரித்தால் புதைந்த சுற்று தளரும். யாராவது முன்னே போகத்தான் வேண்டுமென்றால், லைஃப் ஜாக்கெட்டோடு பாதுகாப்பு வாரையும் மாட்டி, உட்கார்ந்தபடி நகரட்டும். விரலை டிரம்முக்குள் விடுவதற்கு முன் அதை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். ஒரு வீச்சுக் காற்று பாயில் விழுந்தால் டிரம் சுழலும் வேகத்தில் விரல் தங்காது.

பாதி சுருண்ட பாயை அப்படியே கீழிறக்க முயன்று நேரத்தைக் கெடுப்பவர்களும் உண்டு. முழுக்க விரித்தால்தான் குழலின் பள்ளத்திலிருந்து அது வழுக்கி இறங்கும். அதுவும் முடியாதபோது, காற்று சற்றுத் தணிந்ததும், உபரி ஹாலியார்டு ஒன்றைப் பாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அடக்கிவிட்டு வீடு வந்து சேரலாம். பார்க்க இட்லிப் பானைத் துணி மாதிரி இருக்கும், பரவாயில்லை.

டிரம்மில் கயிறு புதைவது பெரும்பாலும் பாயை விரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கயிற்றை வெறுமனே விட்டால் டிரம்மில் அது தளர்வாகச் சுற்றும். அறுந்த கயிற்றை மாற்றிய நாளிலிருந்து, தஞ்சோங் தோக்கோங்கை விட்டு வெளியே வந்து பாயை விரிக்கும்போதெல்லாம், ஃபர்லர் கயிற்றைத் தளத்தில் கயிறு கட்டும் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, கையில் இலேசான பிடியோடுதான் விடுகிறேன்.