ஈசியூவிடம் பொய் சொல்வதற்கு முன்

போன மாதம் கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி தன் பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸை மாதவரத்தில் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். 1.8 லிட்டர் டர்போ. நான்கு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்தது, பின்னால் நீலப்புகை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் பக்கத்தில் டபுள் டேப்பில் ஒட்டிய ஒரு பிக்கிபேக் பெட்டி. மிச்சக் கதையை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் அதே தப்பை, அதே எஞ்சினில் நான் செய்திருக்கிறேன்.

ஆயில் மாற்றாமல் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றுவது, ஹோஸ் லீக்கை வைத்துக்கொண்டு ட்யூன் செய்வது, இதெல்லாம் தப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிக்கிபேக் போட்டு ட்யூன் செய்வதில் தெரிந்தவர்களும் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

காற்றைக் குறைத்துக் காட்டினால் டைமிங் ஏறும்

பிக்கிபேக் எஞ்சினை நேரடியாக ஆள்வதில்லை. சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, வருகிற வோல்டேஜைக் கூட்டியோ குறைத்தோ உள்ளே அனுப்புகிறது. காசிமேட்டில் மீன் எடை போடுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் நடுவில் ஒருவர் நின்று, 100 கிலோவை 75 கிலோ என்று சொன்னால் எப்படியோ அப்படி. பணத்தில் லாபம்தான். ஆனால் கணக்கு எழுதுகிறவர் அதே எடையை வைத்துத்தான் ஐஸும் சொல்லி அனுப்புவார்.

நான் செய்தது இதுதான். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பெரிதாக மாட்டினேன். அப்படியே விட்டால் பெட்ரோல் அதிகமாகப் போகும். அதனால் பிக்கிபேக்கில் காற்று சென்சாரின் சிக்னலைக் கால்பங்கு குறைத்தேன். ஈசியூ காற்று குறைவு என்று நம்பி இன்ஜெக்டரைக் குறைவான நேரம் திறந்தது. கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் ஃபுல் பூஸ்டில் 11.8, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 பங்கு காற்று. கொடுத்து வைத்த நம்பர். ஷெட்டில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

ஈசியூ காற்றின் அளவை வைத்துப் பெட்ரோலை மட்டும் முடிவு செய்வதில்லை, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் (அதுதான் டைமிங்) முடிவு செய்கிறது. லோடு (சிலிண்டருக்குள் போகும் காற்று) குறைவாக இருந்தால் கலவை மெதுவாக எரியும், அதனால் ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கும். பூஸ்ட் ஏறி லோடு கூடினால் பின்னுக்கு இழுக்கும். உதாரணத்துக்கு, உண்மையான லோடில் பிஸ்டன் உச்சிக்கு வர 12 டிகிரி இருக்கும்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டிய இடத்தில், குறைத்துக் காட்டிய லோடைப் பார்த்து 18 டிகிரி கொடுக்கும். சிலிண்டருக்குள் முழு பூஸ்ட், ஸ்பார்க்கோ பாதி பூஸ்டுக்கு உரியது. அப்புறம் நாக்கிங் (கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது) வராமல் என்ன செய்யும்?

மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்றாம் கியரில் ஒரு இழுப்பு. (ரோட்டில் ட்யூன் செய்ததும் தப்புதான், வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டியே பவர் அளக்கும் டைனோவுக்குக் காசு மிச்சம் பிடித்தேன்.) சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது டிப்ஸ்டிக் தானாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, பானெட்டுக்குள் எல்லாம் ஆயில். ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கு நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினிய விளிம்பு உடைந்து சுவரைக் கீறியிருந்தது. வண்டி என்னுடையதும் இல்லை, கஸ்டமருடையது. பிஸ்டன், ரீபோர், கேஸ்கெட் என்று என் கையிலிருந்து 90,000 ரூபாய் போனது.

நாக் சென்சார் இருக்கிறதே என்று அந்தத் தம்பியும் கேட்டார். அடி விழுந்த பிறகுதான் அது கேட்கும். கேட்டு டைமிங்கை இழுப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது பணம் போனதற்கு அல்ல. ஈசியூவின் கணக்குகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் அன்றைக்கு என் பையிலேயே இருந்தது. பிக்கிபேக்கை மாட்டுவதற்கு முன் ஒரு லாக் (ஓட்டத்தின் பதிவு), மாட்டிய பின் ஒரு லாக் எடுத்து டைமிங் வரியைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். 11.8-ஐப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கலவை சரி என்றால் எல்லாம் சரி என்று யார் சொன்னது?

ஆகவே பெரிய இன்ஜெக்டர் போட்டால் ஈசியூவின் மென்பொருளுக்குள்ளேயே இன்ஜெக்டர் அளவை மாற்றி மறுபடி எழுதுங்கள் (ஃப்ளாஷ்). பிக்கிபேக்தான் வேண்டும் என்றால் எஞ்சின் சுழற்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கிராங்க் சிக்னலையும் தள்ளிப்போட்டு டைமிங்கை இழுக்கத் தெரிந்த பெட்டியாக வாங்குங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிராங்க் சிக்னலைத் தொட்ட பிறகு ஸ்கேனர் காட்டும் டைமிங் ஈசியூ நம்புகிற டைமிங், நிஜமானது வேறு. ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காயில் நேரே பிளக் மேல் உட்காரும் எஞ்சினில் நடுவில் ஒரு பிளக் வயர் போட்டால்தான் லைட்டைக் கவ்வ முடியும். சலிப்பான வேலைதான்.

கொளத்தூர்த் தம்பியின் பிளக்குகளில் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள், நடுவில் வெள்ளிப் பொட்டும் இருந்தது. அது பிஸ்டனின் அலுமினியம்.

ஓட ஓட ட்யூன் கரைந்துபோவது

முதல் வாரம் பறக்கும், மூன்றாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள். சீராக ஓடும்போது ஈசியூ ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் பெட்ரோலைக் கூட்டினால் அது குறைக்கும், அந்தத் திருத்தத்தை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். பல ஈசியூக்கள் அதே திருத்தத்தை ஃபுல் த்ராட்டிலிலும் போடும். பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்தால் மறுபடி ஒரு வாரம். பிக்கிபேக்கின் திருத்த அட்டவணையில் (அதுதான் மேப்) பூஸ்ட் இல்லாத கட்டங்களில் பூஜ்யம் போட்டுவிடுங்கள், பூஸ்டில் மட்டும் கை வையுங்கள்.

மார்கழி ட்யூன், கத்திரி வெயில்

மார்கழி விடியலில் போட்ட மேப் மே மாத மதியத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு என்ன ஆகும்? டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலரே அடுப்பாகியிருக்கும். அந்தச் சூட்டில் வழி கிடைத்ததும் ஒரு மிதி மிதிப்பார்கள். மேப்பை மதியம் இரண்டு மணிக்கு, எஞ்சினை நன்றாகச் சுட வைத்து முடியுங்கள். டிசம்பரில் பவர் கொஞ்சம் குறைவாகத் தெரியும். தெரியட்டும்.

பெட்ரோல்

95 ஆக்டேனில் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ட்யூன் செய்துவிட்டு, அவசரத்துக்கு என்று அதைவிடக் குறைந்ததைப் போடாதீர்கள். மணலி ரீஃபைனரி பக்கத்தில் இருக்கிறது என்பதால் நம் ஏரியா பங்கில் ஆக்டேன் கூடிவிடாது.

வயரைத் திருகி டேப் சுற்றுவது

கடல் காற்று. ஒரு மழைக்காலம் போதும், செம்பு பச்சை பிடித்துவிடும். சென்சார் வயரில் சின்ன ரெசிஸ்டன்ஸ் ஏறினாலே ஈசியூவுக்கு அது வேறு வோல்டேஜ். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பிக்கிபேக்கின் எர்த்தை பாடியில் எங்கேயாவது முடுக்காமல், ஈசியூவின் எர்த் வயரோடு சேருங்கள்.

ஸ்கேனரில் பூஸ்டைப் பார்ப்பது

பூஸ்ட் சிக்னலைக் குறைத்துக் காட்டும் பெட்டி ஸ்கேனரிடமும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஹோஸ் போட்டுத் தனி கேஜ் வையுங்கள்.

பிளக் முனையின் இடைவெளி

குறையுங்கள்.