பென்சில் பேட்டரிக்குப் பதில் லித்தியம் செல்: எங்கே போடலாம், எங்கே கூடாது

பிபி மெஷின், வயர்லெஸ் மவுஸ், கேம் கன்ட்ரோலர், பொம்மை கார் போன்றவை பென்சில் பேட்டரியைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அவற்றுக்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல் சரியான மாற்று. ஆனால் கடையில் அளவைப் பார்ப்பதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள். ஒரே ஏஏ (சாதா பென்சில் பேட்டரி அளவு) உருவத்துக்குள் மூன்று வேறு பொருட்கள் விற்கின்றன.

உங்களுக்கு வேண்டியது 1.5 வோல்ட் என்று அச்சிட்ட லித்தியம் அயான் செல். உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை ஒரு சின்ன சர்க்யூட் 1.5 ஆகக் குறைத்துத் தரும். பலவற்றில் உடம்பிலேயே யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கும். இரண்டாவது 14500 என்று எழுதிய செல். 14 மிமீ விட்டம், 50 மிமீ நீளம், அச்சு அசல் ஏஏதான். ஆனால் சர்க்யூட் கிடையாது, முழு சார்ஜில் 4.2 வோல்ட். இரண்டு செல் போடும் மவுஸில் இதைப் போட்டால் 3 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 8.4 வோல்ட் போகும். மவுஸ் அதோடு சரி. அதைவிட ஒல்லியான ஏஏஏ அளவில் இதே வம்பு 10440 என்ற பெயரில் வரும். மூன்றாவது, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம். அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது.

உறையில் எழுத்து அழிந்திருந்தால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 1.5 காட்டினால் முதல் வகையாக இருக்கலாம். சார்ஜ் ஏற்றமுடியாத சாதா அல்கலைன் பேட்டரியும் கிட்டத்தட்ட அதையே காட்டும் என்பதால் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய ஒருமுறை லித்தியம் 1.8ஐ ஒட்டி வரும். 3க்கு மேல் போனால் அது 14500. அதற்கென்றே செய்த டார்ச்சைத் தவிர வேறெதிலும் போடாதீர்கள்.

உறையில் 3000 என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் மில்லிவாட்-மணி, அதாவது மொத்த ஆற்றல். 1.5ஆல் வகுத்தால் 2000 மில்லி ஆம்பியர்-மணிதான். 2000 மில்லி ஆம்பியர்-மணி போட்ட நிக்கல் செல்லோ (ரீசார்ஜ் செய்யும் NiMH வகை) 1.2 வோல்ட் கணக்கில் 2400 மில்லிவாட்-மணி தரும். விளம்பரம் காட்டுகிற அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை.

போடும் முன் எல்லாவற்றையும் முழுக்க சார்ஜ் செய்யுங்கள். பழைய செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், வினிகர் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரே கருவியில் அல்கலைனும் லித்தியமும் கலக்கவே கூடாது: லித்தியம் 1.5லேயே நின்று தள்ளிக்கொண்டிருக்க, அல்கலைன் அடிமட்டம் வரை வற்றிக் கசியும்.

இந்த 'ஒரே வோல்ட்' குணம்தான் இதன் பலம். பிபி மெஷினின் பம்ப் கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடும். தொல்லையும் அதிலேதான். அல்கலைன் வோல்ட் மெல்ல இறங்குவதை வைத்துத்தான் பல கருவிகள் 'லோ பேட்டரி' சொல்கின்றன. லித்தியம் இறங்காது, முழுசாக இருப்பதுபோலவே காட்டிவிட்டு, சட்டென்று நின்றுவிடும். மவுஸில் நின்றால் பரவாயில்லை. டிஜிட்டல் கதவுப் பூட்டில் நின்றால் நீங்கள் வெளியே நிற்பீர்கள். பூட்டுக்கு அதன் கையேடு சொல்லும் செல்லையே போடுங்கள். பெரும்பாலும் அல்கலைன்தான் சொல்லியிருப்பார்கள். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் இதே கணக்கு.

சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட் இரண்டுக்கும் இது வீண் செலவு. அவை இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. செல்லுக்குள் இருக்கும் சர்க்யூட் சும்மா கிடந்தே சார்ஜைக் கரைக்கும். மீடியம் வேவ் ரேடியோவில் போட்டால் சர்க்யூட்டின் இரைச்சல் ஸ்டேஷனோடு சேர்ந்து கேட்கும். கேமரா ஃபிளாஷ் ஒரே இழுப்பில் பல ஆம்பியர் கேட்பதால் பல செல்களில் பாதுகாப்பு சர்க்யூட் கரண்டை வெட்டிவிடும். அங்கே நிக்கல் செல்தான் நல்லது. மலிவான மூன்று செல் எல்இடி டார்ச்சில் பளிச்சென்று எரியும், ஆனால் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் இல்லாததால் எல்இடி சூடேறிக் கருகலாம்.

நிக்கல் சார்ஜரில் இதைச் சொருகாதீர்கள். அது 1.5 வோல்ட் வெளிவரும் முனையிலேயே கரண்டைத் திணிக்கும், சர்க்யூட் கெடும். உடன் வந்த சார்ஜர், அல்லது செல்லில் உள்ள யூஎஸ்பி ஓட்டை, இவை மட்டுமே. மெத்தைமேல் வைத்தோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ சார்ஜ் போடவேண்டாம். கை வைக்கமுடியாத சூடு, உப்பல், இனிப்பு கலந்த ரசாயன வாடை, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த செல்லின் வேலை முடிந்தது. இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். விமானத்தில் உதிரி செல்கள் கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.