கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மேற்கு உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் 13 வகைக் குரங்கினங்கள் உண்டு. பார்வையாளர் மையமான கன்யான்சுவிலிருந்து காட்டுக்குள் நுழையும் புதியவர்கள் தொப்பியை மறந்தால் பெரிய நஷ்டமில்லை. கீழே உள்ளவை அப்படியல்ல.

சளியை மறைப்பது

அனுமதிச் சீட்டு 200 டாலருக்கு மேல். அந்தப் பணம் வீணாகக் கூடாதென்று மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. இதைத்தான் பொறுக்கவே முடியவில்லை. 2013-இல் இதே காட்டின் கன்யவாரா கூட்டத்தில் 56 சிம்பன்சிகளில் 5 மூச்சுக்குழாய் நோயில் இறந்தன. இறந்துபோன இரண்டு வயதுக் குட்டியின் உடலில் கிடைத்தது ரைனோவைரஸ்-சி, அதாவது நம் பிள்ளைகளுக்கு வரும் ஜலதோஷக் கிருமி. அது செல்லுக்குள் நுழைய வழிவிடும் புரதம், சோதித்த சிம்பன்சிகள் எல்லாவற்றிலும் கிருமி எளிதில் தொற்ற இடம்கொடுக்கும் வகையாகவே இருந்தது. 2016-17-இல் இதே காட்டின் ங்கோகோ கூட்டத்தில் இன்னொரு மனிதக் கிருமி பரவி, 205-இல் 25 மாண்டன. தாய் சிம்பன்சி ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். அந்த இழப்பு ஈடாக எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொண்டை கரகரத்தால் அன்று போகாதீர்கள். தேதி மாற்றும் விதியை முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

மூக்குக்குக் கீழே முகக்கவசம்

கண்ணாடியிலும் கேமராவிலும் ஆவி படிகிறதென்று இறக்கிவிடுகிறார்கள். மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, மேல் விளிம்பில் மருத்துவ டேப் ஒட்டினால் ஆவி மேலே வராது. ஈரக்காற்றில் கவசம் சீக்கிரம் நனையும். நனைந்ததை மாற்ற மூன்று, நான்கு எடுத்துப் போங்கள். இருமல் வந்தால் திரும்பி நின்று முழங்கை மடிப்பில் இருமுங்கள். உள்ளங்கையில் இருமிவிட்டு அதே கையால் செடியைப் பிடித்தால் கிருமி இலையில் தங்கும்.

10 மீட்டருக்குள் நெருங்குவது

சிம்பன்சி தானாக வந்தாலும் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்.

பாபூன் குரங்குக்குப் பழம் கொடுப்பது

கூடாது.

சிம்பன்சியை மட்டும் தேடுவது

உச்சிக்கிளையில் செங்கோலபஸ் குரங்குக் கூட்டம் திடீரெனக் கத்தினால் நின்று கவனியுங்கள். அவற்றை வேட்டையாடும் சிம்பன்சிகள் பக்கத்தில் இருக்கலாம்.

வானத்தைப் பின்னணியாக்கிப் படமெடுப்பது

முகம் கறுத்துப்போகும். கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.5 வரை ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) கூட்டத் தயங்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

காலுறைக்கு வெளியே கால்சட்டை

படை எறும்பு உள்ளே ஏறும். செருகிவிடுங்கள்.